பில்லில் இருக்கும் எழுத்து என்னுடையது

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முடியாதென்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டினால் அழுது தீர்ப்பார். அப்பாவிடம் காட்டினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. லோகு மாமாவிடம் மட்டும் சத்தியமாகக் காட்டக் கூடாது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

நான் சம்யுக்தா. ஈரோடு. பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு நடக்கிறது. நாளை மறுநாளுக்குள் இயற்பியல் முடித்தாக வேண்டும். ஆனால் இன்று சாயங்காலத்திலிருந்து ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

அம்மா மளிகைக் கடையிலிருந்து வந்து பையைக் கவிழ்த்தார். "ஏங்கண்ணு, அந்தப் பில்ல எடுத்துக் கொஞ்சம் பாரு. புளிய ரெண்டு தடவ போட்டுட்டானாட்ட இருக்குது" என்றார். எடுத்தேன். புளி ஒரு தடவைதான். அதற்கு மேல் வரியில் புழுங்கல் அரிசி. அந்த ழவைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

அது என் ழ.

என்ன உளறுகிறேன் என்று நினைக்காதீர்கள். கடைகளில் பில் அடிக்கும் சின்ன மெஷினுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து மட்டும் உள்ளேயே இருக்கும். தமிழில் வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்பு லீவில் அப்பா ஆபீஸிலிருந்து கழித்துக் கட்டிய ஒரு பில் மெஷின் எங்கள் பரணில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு, கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்பி, எல்லா எழுத்தையும் நானே வரைந்தேன். ஓசி மெஷின், அடிவரி எப்போதும் தீற்றிவிடும். அதனால் ழவின் வாலைக் கொஞ்சம் நறுக்கி மேலே தூக்கிவிட்டேன். அப்படி ஒரு மொண்ணை வால் ழ உலகத்தில் வேறு யாரும் வரைய மாட்டார்கள்.

வரைந்ததை 'மரக்கால்' குழுவுக்கு அனுப்பினேன். மரக்கால் என்பது சின்னக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். யாருடைய கம்பெனியும் இல்லை. ஆளாளுக்கு ஒரு பகுதி எழுதிச் சேர்ப்பார்கள். நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் ரெஜினா அக்கா அதைக் கட்டி மேய்க்கிறார். அங்கே என் பெயர் கிளுவை. முகத்தை யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் நெட்டில் பழகியவனை நம்பிப் போய் அழுதுகொண்டு திரும்பி வந்ததிலிருந்து, நெட் பாடத்துக்கு மட்டும்தான் என்பது அம்மாவின் சட்டம். அதனால் யாருக்கும் தெரியாது.

பில்லின் கடைசி வரியைப் படித்தேன். 'சம்யூ பில், ஈரோடு.'

அது என் அப்பாவின் கம்பெனி. நான் பிறந்த வருடம் ஆரம்பித்தது, அதனால் என் பெயர்.

ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம்தான் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரக்கால் என்ற பெயர் எங்கேயும் இல்லை.


செப்டம்பர் 13, சனி

லோகு மாமா மதியம் சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி. அப்பா ஊர் ஊராகப் போய் விற்பார், மாமா உட்கார்ந்து எழுதுவார், இரண்டு பேரும் சேர்ந்ததுதான் கம்பெனி. அரிசிம்பருப்புச் சோறு. மாமா மூன்றாவது முறை நெய் கேட்டார்.

பேச்செல்லாம் கொங்குமயில் பற்றித்தான். கொங்குமயில் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஈரோடு, கோபி, பவானி, பெருந்துறை என்று எல்லா ஊரிலும் கிளை இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் எல்லாக் கிளைக்கும் சம்யூ பில் போடுவதாகப் பேச்சு. இதுவரை அப்பா ஒற்றைக் கடைகளுக்குத்தான் கொடுத்திருக்கிறார். இது கிடைத்தால் கம்பெனி நிமிர்ந்துவிடும் என்று அம்மா பண்ணாரி அம்மனுக்கு வேண்டியிருக்கிறார்.

"அவிங்க வக்கீலு ஒரு காயிதம் குடுத்துருக்காப்ல மாப்ள," என்றார் அப்பா. "வெளியாள் எழுதுன ஓப்பன் சோர்ஸ் ஏதாச்சும் உள்ள இருந்தா அதும் பேரு, லைசென்ஸு எல்லாம் எழுதிக் குடுக்கோணுமாம். இல்லீன்னா எல்லாமே எங்க சொந்தச் சரக்குன்னு கையெழுத்துப் போடோணும்."

"போட்டுக் குடுங்க மச்சான்."

"எல்லாம் நம்ம எழுதுனதுதானே?"

"பின்ன ஆரு, பக்கத்து ஊட்டு ஆயாளா வந்து எழுதுனாங்க?" என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சரி, வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கையெழுத்து" என்றார்.

நான் தண்ணீர் குடித்தேன். புரையேறியது. "மெதுவா குடி சாமி" என்று அப்பா தலையில் தட்டினார்.

அப்பாவுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், அவருடைய கம்பெனிதானே. தெரிந்துகொண்டே மாமாவிடம் கேட்டது எதற்கு என்பதுதான் புரியவில்லை.


செப்டம்பர் 15, திங்கள்

இயற்பியல் தேர்வு. பரவாயில்லை.

ரெஜினா அக்காவிடமிருந்து மெயில். திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பவானியிலிருந்து யாரோ ஒரு மருந்துக் கடைப் பில்லைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 'கிளுவை, இந்த ழவைப் பார், உன்னுடையதுதானே?' என்று கேட்டிருந்தார்.

மற்றதை என் வார்த்தையில் எழுதுகிறேன். மரக்காலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாற்றலாம். விற்கவும் செய்யலாம், காசு வாங்குவதில் தப்பே கிடையாது. ஆனால் நாங்கள் போட்டிருக்கும் லைசென்ஸ் சொல்வது இது: வாங்கியவர் கேட்டால் உள்ளே இருக்கும் நிரலையும் கொடுக்க வேண்டும், எழுதியவர்களின் பெயரை அழிக்கக் கூடாது, நீ எப்படி எடுத்தாயோ அதே மாதிரி அடுத்தவர் எடுத்துக்கொள்வதைத் தடுக்கக் கூடாது. சம்யூ பில் இது எதையுமே செய்யவில்லை. பெயர்கள் போய்விட்டன. நிரல் பூட்டிக் கிடக்கிறது. அக்கா எழுதியது எல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது, அதை வெளியிலிருந்து நிரூபிப்பது கஷ்டம். வெளியே தெரிவது என் எழுத்து மட்டும்தான். கடைக்குக் கடை, பில்லுக்குப் பில், புள்ளி மாறாமல்.

'அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பப் போகிறோம். எழுத்து வரைந்தது நான்தான், என் சம்மதத்தோடு அனுப்பப்படுகிறது என்று நீ எழுதிக் கொடுத்தால் போதும்' என்று முடித்திருந்தார். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. எனக்குத் தைரியம் சொல்வதற்காகப் போட்டிருப்பார், பாவம்.

சம்யுக்தாவின் பெயரில் இருக்கும் கம்பெனி மேல் சம்யுக்தாவே புகார் கொடுக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.


செப்டம்பர் 16, செவ்வாய்

வேதியியல் படித்தேன். படித்தேன் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.


செப்டம்பர் 17, புதன்

அப்பா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனதால் அம்மா என்னை ஆபீஸுக்கு அனுப்பினார். மாடி ஏறியதும் அப்பா இல்லை, மாமா மட்டும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. ஸ்கூலில் ப்ராஜெக்ட் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ஏனுங் மாமா, இந்த ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸுன்னா என்னங்க?"

"லைசென்ஸா? அது வண்டி ஓட்டறவனுக்குக் கண்ணு."

"இல்லீங் மாமா, நெசமாத்தான்."

"நெசமாத்தான் சொல்றேன். பெரிய கம்பெனிக்காரன் அதுக்குன்னு ஒரு ஆபீஸு, ஒரு வக்கீலு, அரிசில கல்லுப் பொறுக்கறாப்ல ஒண்ணொண்ணாப் பொறுக்குவான். இது எடுக்கலாம், இது எடுக்கக் கூடாது, இத எடுத்தா நம்முளுதையும் தொறந்து காட்டோணும்னு. அவனுக்கு ஆளிருக்குது, பண்றான். நம்மளாட்ட ஆளு எடுத்தமா, பேர மாத்துனமா, வித்தமான்னு போய்ட்டே இருக்கோணும். சும்மா கெடக்கறது தானே? வேலி போட்டு வெச்சிருக்கறானா என்ன?"

"அதுல எழுதுனவிங்க பேரு இருக்குமில்லீங்களா மாமா?"

"இருக்கும். ஒரே அமுக்கு, எல்லாம் மாறிரும்." விரலால் காற்றில் ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினார். "எழுதுனவன் அமெரிக்காவுலயோ ஆப்பிரிக்காவுலயோ. ஈரோட்டுக்கா வந்து கேக்கப் போறான்?"

நான் டிபன் பாக்ஸை மேஜையில் வைக்கத் திரும்பினேன். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் ஹெல்மெட். அப்போதுதான் வந்திருப்பார், மாமா பேசியது காதில் விழுந்திருக்காது. "தனியாவா வந்த? வெய்யல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மாமா காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.


செப்டம்பர் 18, வியாழன்

வேதியியல் எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். பக்கத்து பெஞ்ச் சுவஸ்திகா, "ஏன்டி, வெளிய வந்ததுலருந்து திருடிட்டு வந்தவளாட்ட முழிக்கற?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ, சும்மா சொன்னேன்டி" என்று பயந்துபோய் அவளுடைய சமோசாவில் பாதியைக் கொடுத்தாள். சமோசா கட்டியிருந்த காகிதம் ஸ்கூல் ஸ்டோர் பில். அதிலும் என் எழுத்து.

வீட்டுக்கு வந்தால் அப்பா கம்ப்யூட்டர் முன்னால். இந்த நேரத்தில் வீட்டில் இருக்கவே மாட்டார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரையில் விரல் வைத்து வரி வரியாக இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். அப்பா படித்தது பாலிடெக்னிக், அதுவும் மெக்கானிக்கல். நான் வருவதைப் பார்த்ததும் மூடிவிட்டார். ஒப்பந்தக் காகிதமாக இருக்கும்.

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். "நோட்டீஸுன்னா ரெண்டு அர்த்தமா சாமி?" ஒன்று அறிவிப்பு, இன்னொன்று வக்கீல் அனுப்புவது என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.


செப்டம்பர் 20, சனி

ரெஜினா அக்கா மறுபடி எழுதியிருக்கிறார். 'அவசரம் இல்லை, ஆனால் தீபாவளிக்கு முன்னால் இன்னும் நிறையக் கடைகளுக்குப் போய்விடும். அடுத்த வாரக் கடைசியில் அனுப்ப நினைக்கிறோம்.'

மூன்று பதில் அடித்தேன். முதலாவதில் அது என் எழுத்து இல்லை என்று எழுதினேன். இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தேன். அந்த எழுத்துகளுக்காகக் கிராஃப் நோட்டில் பென்சில் தேய்த்துத் தேய்த்து விரல் காய்த்துப்போனது எனக்குத் தெரியும். அதை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவதில் சம்மதம் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். மூன்றாவது, 'தேர்வு முடியட்டும் அக்கா.' அதை அனுப்பிவிட்டேன்.

உடனே பதில். 'தேர்வா? நீ எந்தக் கல்லூரி?'

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பிளாஸ்டிக் விரிப்பு, மாம்பழப் படம் போட்டது, ஒரு மூலையில் குக்கரை வைத்துச் சுட்டுப்போன வட்டம். அந்த வட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"புதுசு வாங்கித் தாங்கன்னா வாங்கித் தாரதில்ல, தடவிப் பாத்தா சரியாயிருமாக்கும்" என்றார் அம்மா.

"இந்த மாம்பழத்த வேற எங்கயோ பாத்தாப்ல இருந்துச்சு," என்றார் அப்பா.

"ஊருக்கெல்லாம் இதுதான் விக்கறான். நம்முளுக்குன்னா தனியா நெய்யறாங்க?"

அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னொரு தோச போட்டுக்க" என்றார்.

மரக்கால் தளத்தில் என் எழுத்துப் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. முதன்முதலாகச் சரியாக அச்சான பில்லை இந்த மேஜையில், இந்த விரிப்பின் மேல் வைத்துத்தான் எடுத்தேன். இப்போது எதற்கு அதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அப்பா அங்கே எல்லாம் போக மாட்டார்.

வழக்கமாகப் பத்து மணிக்கு மோடத்தை அணைத்துவிடுவார். இன்று அணைக்க மறந்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.


செப்டம்பர் 21, ஞாயிறு

கணக்கு. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். இன்றும் மோடத்தை அணைக்கவில்லை.


செப்டம்பர் 22, திங்கள்

கணக்குத் தேர்வு நன்றாக எழுதினேன். கணக்கில் மட்டும் நான் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது போர்டிகோவில் மாமாவின் பைக். உள்ளே போகவில்லை, செருப்பைக் கழற்றுவது போல நின்றேன். ஒட்டுக் கேட்பது தப்பு. கேட்டேன்.

"பேர அழிச்சது ஆரு லோகு?" அப்பா 'மாப்ள' என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இப்ப என்னாச்சுங்க மச்சான்? எல்லா ஊர்லயும் இப்படித்தான்."

"ஆரு அழிச்சதுன்னு கேட்டேன்."

"நாந்தான். மொதல் கடைக்குப் போடறப்ப ஒரு மாசத்துல வேணும்னீங்க. ஒரு மாசத்துல ஒரு ஆளு உக்காந்து இத்தன எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க. முடியும்னு நெனச்சீங்களா?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்.

"எத்தன வருசமாச்சு. அங்க புதுசா வர்றதையும் அப்பப்ப எடுத்துச் சேத்துட்டுத்தான் இருக்கறேன். எங்க இருந்து எடுத்தன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பீங்களா? கேக்கல. கேட்டா நான் சொல்லீருப்பேன். இப்ப வந்து குடையறீங்க. வக்கீலு கேக்கறது ஒரு சம்பரதாயத்துக்குங்க மச்சான். கையெழுத்துப் போட்டுட்டு வேலயப் பாருங்க. எழுதுனவன் எவனும் வரப் போறதில்ல."

"எவனும் வரமாட்டான்," என்றார் அப்பா. அந்த 'எவனும்' ஒரு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு மாமா பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம். நான் வாசல் தென்னை மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஆக, அப்பாவுக்குத் தெரியாது. பத்து நாளாக அவர் திருடினார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் தெரியாதது வேறு, கேட்காமல் இருந்தது வேறு இல்லையா? ஒரு மாதத்தில் முடிந்ததை ஆச்சரியமாகப் பார்த்தவர், எப்படி முடிந்தது என்று ஏன் கேட்கவில்லை? இதை யோசிக்கப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அறைக்குள் போனால் என் மேஜை மேல் பில் மெஷினில் போடும் பேப்பர் ரோல், புதுசு. அப்பாவிடம் கேட்டேன். "ஆபீஸ்ல மிச்சம் கெடந்துச்சு. ரஃப்புக்கு ஆவும்" என்றார்.

இவ்வளவு ஒடுக்கமான காகிதத்தில் என்ன ரஃப் போடுவது? பரணில் இருக்கும் என் மெஷினுக்குச் சரியாக இருக்கும்தான். ஆனால் அது அங்கே இருப்பது அவருக்கு மறந்தே போயிருக்கும்.


செப்டம்பர் 23, செவ்வாய்

எழுதிவிட்டேன். ரெஜினா அக்காவுக்கு. நடுவில் நிறுத்தினால் அழித்துவிடுவேன் என்று ஒரே மூச்சில் அடித்தேன். நான் கல்லூரி இல்லை, பதினொன்றாம் வகுப்பு. அந்த எழுத்து என்னுடையதுதான். அந்தக் கம்பெனி என் அப்பாவுடையது. வெள்ளிக்கிழமை எல்லாம் எங்கள் சொந்தம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறார். நான் என்ன செய்யட்டும்?

அரை மணி நேரம் பதில் வரவில்லை. போலீஸுக்குப் போன் பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். நகத்தையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டேன்.

பதில் வந்தது. பெரிய பதில். முதல் வரியே, 'ஏ பிள்ளே, சாப்பிட்டியா?'

சம்மதம் நான் கொடுக்க வேண்டாமாம். அப்பா மேல் புகார் கொடு என்று ஒரு பிள்ளையிடம் கேட்க மாட்டேன், நோட்டீஸை என் பெயரில் நானே அனுப்பிக்கொள்கிறேன் என்கிறார். நோட்டீஸ் என்பது கம்பெனியை மூடும் காகிதம் இல்லையாம். அழித்த பெயர்களைத் திரும்பப் போட்டு, வாங்கிய கடைக்காரர்களுக்கு நிரலைக் கொடுத்துவிட்டால், முதல் தடவை என்பதால், அந்த லைசென்ஸே மன்னித்துவிடும். அதற்கு வழி எழுதியே இருக்கிறது. அப்புறம் அப்பா தாராளமாக விற்கலாம். 'பில்லிங் போடத் தெரியாத கடைக்காரருக்குப் போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதும், மெஷின் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பதும் யார்? உன் அப்பாதானே. அதற்குத்தான் கடைக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள். அதை எங்களால் ஓசியில் கொடுக்க முடியாது.'

இதைப் படிக்கும்வரை மூச்சு வந்தது. அதற்கடுத்த வரியில் நின்றுவிட்டது.

'ஆனால் வெள்ளிக்கிழமை காகிதம் வேறு விஷயம். எங்களோடு இருக்கும் தப்பை நாங்கள் சேர்ந்து சரிசெய்யலாம். தெரிந்த பிறகும் அவர் அந்தக் கடைக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்துவிட்டால், அதில் நான் ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்கு வெளியே வந்தால் கடைக்காரர் அவரைக் கோர்ட்டில் நிறுத்தலாம். அதற்கு முன்னால் அவரிடம் யாராவது சொல்ல வேண்டும் கிளுவை.'

யாராவது என்று எழுதியிருக்கிறார். யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.


செப்டம்பர் 24, புதன்

சொல்ல முடியவில்லை.

காலையில் அப்பாவே ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். என்றைக்கும் இல்லாத வழக்கம். பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் வண்டி நின்றது. அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியாவிட்டால் சுலபமாக இருக்கும் என்று நினைத்து, "ஏனுங்ப்பா" என்றேன்.

"சொல்லு சாமி."

"ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளு."

பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா வண்டியை எடுக்கவே இல்லை. பச்சை விழுந்த பிறகும் காத்துக்கொண்டிருந்தார். "கேளு சாமி" என்றார் இரண்டாவது முறையாக. 

"கிராஃப் நோட்டு வாங்கோணுங்கப்பா" என்றேன்.

அப்பா வண்டியை எடுத்தார். பிறகு வண்டியைக் கடையோரம் நிறுத்திவிட்டுப் போய் இரண்டு நோட்டு வாங்கி வந்தார். "ஒண்ணு பத்தாதில்ல. அத்தன எழுத்துக்கு" என்றார்.

எழுத்து என்று எதற்குச் சொன்னார்? கணக்குக்கு என்று சொல்ல வந்திருப்பார். காலையில் எல்லோருக்கும் வாய் குழறும். அப்படித்தான் இருக்க வேண்டும்.


செப்டம்பர் 25, வியாழன்

தேர்வு முடிந்தது. சுவஸ்திகா பானிபூரி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை மேல் கொங்குமயில் காகிதம், ஒரு பேனா, அதன் மேல் கண்ணாடி. நாளை காலை கையெழுத்து. அம்மா விளக்கேற்றித் திருநீறு கொண்டுவந்து காகிதத்தின் மூலையில் தொட்டு வைத்தார். "நல்லபடியா ஆகோணும்" என்றார். அப்பா காகிதத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார், குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிடாமல் நகர்த்துவது போல.

மாமா போனில் கத்துவது எனக்கே கேட்டது. "போட்டுட்டீங்களா மச்சான்? நாளைக்கு அங்க போயி பேனாவத் தேடிட்டு நிக்காதீங்க!" அப்பா 'ம்' என்று மட்டும் சொன்னார். அது போட்டுவிட்டேன் என்ற 'ம்'மா, பார்க்கலாம் என்ற 'ம்'மா, தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போவது போலப் போனேன். இரண்டு முறையும் அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை, "அவ்ளோ தாகமா?" என்றார்.

போட்டிருப்பாரோ? போட்டிருந்தால் நான் இப்போது சொல்வதில் என்ன லாபம்? 'தெரிந்த பிறகும்' என்று அக்கா எழுதியிருந்தார். இப்போது அவருக்குத் தெரியாது. நான் சொன்னால் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் தெரியாமல் போட்ட கையெழுத்து, சொன்னால் தெரிந்து போட்ட கையெழுத்து. அப்படியென்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு நல்லதா? இது சரியான கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் இது லோகு மாமா போடும் கணக்கு. கேட்காதே, சொல்லாதே, எவனும் வர மாட்டான்.

இல்லை. அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை மாமாவைக் கேட்ட அன்றே தெரியும். நான்தான் எழுத மாட்டேன் என்று மூன்று நாளாக இந்த நோட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

முடிவு பண்ணிவிட்டேன். இந்தப் பக்கத்தை முடித்ததும் எழுந்து போய்ச் சொல்லப் போகிறேன். அடித்தால் அடிக்கட்டும். கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டால் பிடுங்கிக்கொள்ளட்டும். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. 'அப்பா, அந்த ழ' என்று ஆரம்பிக்கலாமா? இல்லை, 'நீங்க கையெழுத்துப் போடாதீங்கப்பா' என்று நேராகவே

கூடத்தில் நாற்காலி நகர்கிறது. அம்மா எப்போதோ தூங்கிவிட்டார். அப்பாவின் நடை. சமையலறைக்குப் போகவில்லை, இந்தப் பக்கம்தான். கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். வெளிச்சத்தில் அவர் கால் நிழல் கதவுக்கடியில் தெரிகிறது. திரும்பிப் போகிறார். மறுபடி வருகிறார்.

தட்டுகிறார்.

அப்பா இந்த வீட்டில் எந்தக் கதவையும் தட்டியதில்லை. கூடத்திலிருந்து ஒரு சத்தம் போடுவார், அவ்வளவுதான். இப்போது வெளியாள் வீட்டு வாசலில் நிற்பது போல மெதுவாக, இரண்டு முறை.

"சம்யூ. நீ முழிச்சிட்டுத்தான் இருக்கறன்னு தெரியும் சாமி. நான் இன்னும் கையெழுத்துப் போடுல. எழுதுனவள ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்த கேக்காம எப்படிப் போடறது? கதவத் தொற."

நோட்டை மறைக்க வேண்டுமா இல்லை, அப்படியே எடுத்துக்கொண்டு